சிவப்பு ஊசியும் சி ஷிப்ட்டும்

“அண்ணே, நரம்புக்கு ஒரு அட்டை.”

ஒரகடம் கூட்டுரோட்டை ஒட்டிய ஏதாவது ஒரு மெடிக்கல்ஸில், காலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் கால் மணி நேரம் நின்றால் இந்த வாசகம் காதில் விழும். நரம்புக்கு என்றால் பி காம்ப்ளெக்ஸ் என்று பொருள். வாய்ப்புண்ணுக்கும் அதுதான், அசதிக்கும் அதுதான், கை கால் மதமதப்புக்கும் அதுதான். கடைக்காரர் சீட்டு கேட்பதில்லை. வாங்குகிறவர் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, கம்பெனி பஸ் வரும் திசையைப் பார்த்து நிற்பார். அடுத்த முறை சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும்போது மருந்து வேலை செய்கிறது என்று அவருக்கு ஒரு திருப்தி. உண்மையில் அது உடம்புக்குத் தேவைப்படாத பி2, வந்த வழியே வெளியேறுவது.

என் மைத்துனன் பத்து வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறான். குடியிருப்பது மாத்தூர் அருகே. வலது கையில் காற்றழுத்த கன் பிடித்து போல்ட் முடுக்குகிற வேலை. நாற்பது வயதுக்குள் சுகர் வந்துவிட்டது. ஐந்தாறு வருடமாக மெட்ஃபார்மின் விழுங்குகிறான். இரவில் பாதம் எரியும். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். தூக்கத்தில் எழுந்து கையை உதறிவிட்டுப் படுப்பான். இரண்டு வருடமாக அவனாகவே சத்து மாத்திரை வாங்கிப் போட்டு வந்தான். “சாப்பிட்டா நல்லா இருக்கு மாமா. விட்டா திரும்ப வருது” என்பான்.

தீராத தொந்தரவுகளுக்கு பி வைட்டமின் சாப்பிட்டவர்கள் எங்கே பேசினாலும் பேச்சு இந்த இரண்டு வரியில்தான் வந்து நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலும் அப்படித்தான், சிங்கப்பூரிலும் அப்படித்தான். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. அவன் கால் எரிவதும் நிஜம், குறைவதும் நிஜம். ஆனால் அந்த வரி எந்தக் கேள்விக்கான பதில் என்பதை அந்த வரியே சொல்வதில்லை. இந்தக் கட்டுரையின் குடைச்சல் அதுதான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். தமிழில் ‘நரம்பு’ என்பது உணர்வைக் கடத்தும் நரம்பும்தான், கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும்தான், தசைநாரும்தான், யாழிலும் வீணையிலும் கட்டிய தந்தியும்தான். பேருந்து நிலையச் சுவர்களில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதினால் அது இன்னொன்று. ‘சத்து’ அதைவிட அகலமானது: ராகிக்கூழும் சத்து, குளுக்கோஸ் ட்ரிப்ஸும் சத்து, மாத்திரையும் சத்து. இந்த இரண்டு சொற்களும் சேர்ந்த இடத்தில் ‘நியூரோ’ என்று தொடங்கும் பெயரோடு ஒரு மாத்திரை வந்து உட்கார்ந்தால், அதற்கு விளம்பரமே தேவையில்லை. நம் மொழியே அதற்கு இடம் போட்டு வைத்திருக்கிறது.

இன்னொன்றும் நமக்கு மறந்துபோயிருக்கிறது. பி வைட்டமின்களின் கதை சீமையிலிருந்து மாத்திரையாக வந்து இறங்கிய கதையல்ல. அதில் பாதி, கூலி வேலைக்குப் போன நம் ஆட்களின் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக விழுந்தார்கள். கால் மரக்கும், வீங்கும், நடை தளரும், கடைசியில் இதயம் நின்றுபோகும். அதே நாட்டில், அதே வெயிலில், தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேற்றுமையைப் பிடித்துக்கொண்டார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. 1907-இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார்: பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் கணிப்பு. அதே சமயத்தில் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரி வந்தது. புழுங்கல் பக்கம் கிட்டத்தட்ட இல்லை.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1, அதாவது தயமின், மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் கணிசமாகத் தங்குகிறது. நம் பாட்டிகள் வைட்டமினை நினைத்து நெல் அவிக்கவில்லை. உமி எளிதில் கழலும், குருணை குறையும் என்றுதான் அவித்தார்கள். அதுவே கடல் தாண்டிப் போனவர்களின் காலைக் காப்பாற்றியது. சென்னை மாகாணத்துக்குள்ளேயே இதன் மறுபக்கமும் இருந்தது: பச்சரிசி தின்ற வடசர்க்கார் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது, புழுங்கல் தின்ற தமிழ் மாவட்டங்களில் இல்லை. 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கிய ஆய்வுக்கே ‘பெரிபெரி விசாரணை’ என்றுதான் பெயர். அதுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. 1936-இல் தயமினை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்ததும் இதே மாகாணத்து நெல்லூரில், பாதிரியார் குடும்பத்தில்.

அடுத்தது பஞ்சாலை. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழில் சார்ந்த ஏழைக் குடும்பங்களின் கர்ப்பிணிகளுக்கு வந்த ஒருவகைக் கொடிய சோகையை ஆராய்ந்தார். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வீடு வரை விசாரித்தார். குன்னூரிலும் வேலை செய்தார். 1931-இல் சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று அதே ஆண்டு எழுதினார். அதிலிருந்த பெயர் தெரியாத பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் ஆயிற்று. அதைச் செயற்கையாகத் தயாரித்ததை 1945-இல் உலகுக்கு அறிவித்த குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அவரையே வாட்டிய நோய் ஸ்ப்ரூ. உண்ட சத்து குடலில் ஒட்டாமல் போகும் நோய். அதே ஸ்ப்ரூ 1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோயாகவே பரவியபோது வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் அதைப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வு மரபிலிருந்துதான், தென்னிந்தியர்களின் சிறுகுடலில் சில கிருமிகள் பி12-ஐத் தாமே உண்டாக்குகின்றன என்ற கண்டுபிடிப்பு 1980-இல் வெளிவந்தது. மாமிசம் அதிகம் தொடாத நம் மக்கள் எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்கு அது ஒரு துப்பு.

இவர்கள் எல்லோரும் தொடங்கிய இடம், உழைக்கிற ஆளின் உடம்பில் என்ன நடக்கிறது என்ற சொந்த அனுபவம்தான். ஆனால் யாரும் அதோடு நிற்கவில்லை. நீ என்ன தின்கிறாய், பக்கத்து ஆள் என்ன தின்கிறான், இதை மாற்றினால் என்ன ஆகிறது என்று கேட்டார்கள். ஒரகடம் மெடிக்கல்ஸ் கவுண்டரில் நடக்காமல் போவது அந்த விசாரணைதான்.

இனி, பி வைட்டமின் உண்மையிலேயே அதிசயம் செய்யும் இடம். பி12 குறைந்தால் இரத்தம் மட்டும் கெடுவதில்லை. பாதத்தில் ஊசி குத்தும், தரை பஞ்சுபோலத் தோன்றும், இருட்டில் நடை தள்ளாடும், நாக்கு வழவழவென்று சிவக்கும், மறதி வரும், காரணமில்லாமல் எரிச்சலும் சோகமும் வரும். அப்படிப்பட்டவருக்குச் சிவப்பு நிற பி12 ஊசியைப் போட்டால் ஒரு வாரத்துக்குள் எலும்பு மஜ்ஜை புது அணுக்களைக் கொட்டத் தொடங்கும். ‘எழுந்து உட்கார்ந்தேன்’ என்று அவர் சொல்வது மிகையல்ல. நரம்பு மெதுவாகத்தான் திரும்பும், மாதக் கணக்கில். நாள்பட்டுப்போனால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இந்தக் குறை இங்கே யாருக்கெல்லாம் வர வாய்ப்பிருக்கிறது? முதல் வழி சாப்பாடு. பி12 செடிகொடிகளில் இல்லை. நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய ஒன்று. ஆட்டு ஈரல் ஒரு கை இருந்தால் பல நாளைக்குப் போதும். கீரையும் பருப்பும் எவ்வளவு தின்றாலும் கிடைக்காது. இட்லி மாவு புளிப்பதால் கிடைக்கும் என்று சொல்வார்கள். நம்பி உட்கார முடியாது. விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்ணின் தட்டை நினைத்துப் பாருங்கள்: சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர் என்ற பேரில் ஒரு வெள்ளைத் தண்ணீர். ஞாயிறு ஒரு கோழித்துண்டு. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் விடுதிச் சாப்பாடு என்பது செய்தியானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளோடு சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது. தட்டில் முட்டை தினமும் வருகிறதா என்பது தனிக் கேள்வி.

ரேஷனில் தரத் தொடங்கிய செறிவூட்டிய அரிசியில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்தார்கள். பி12-இன் அளவு, விதிப்படி, கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமைச் சுற்றி. நாளைக்கு முந்நூறு கிராம் அரிசி என்றால் 0.3 மைக்ரோகிராம். ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான். ஆனால் ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ வந்து, குடும்ப அட்டையை ஊரில் விட்டுவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவனின் சோற்றுக்கு அந்த அரிசி பெரும்பாலும் வந்ததில்லை.

இரண்டாவது வழி சுகர் மாத்திரை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் பத்துக் கோடி. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காடு. இவர்களுக்கு முதலில் எழுதப்படும் மருந்து மெட்ஃபார்மின். மலிவு, நம்பகமானது, குறை சொல்ல அதிகமில்லை. ஆனால் நீண்ட நாள் சாப்பிட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. இது 1970-களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். 2016-இல் அமெரிக்காவின் பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அதை மறுபடி உறுதி செய்தது. 2022-இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மெட்ஃபார்மின் சாப்பிடுபவருக்குக் குறைபாட்டின் அறிகுறி இருந்தால் பி12 பார்க்கும்படி மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. ஈரலில் பி12 சேமிப்பு சில வருடங்களுக்குத் தாங்கும். அதனால்தான் மாத்திரை தொடங்கி நான்கைந்து வருடம் கழித்துக் கால் மரக்கும்போது யாரும் இரண்டையும் முடிச்சுப்போடுவதில்லை. ‘சுகர் நரம்பைத் தின்னுடுச்சு’ என்று முடித்துவிடுகிறார்கள். சுகரும் நரம்பைத் தின்னும்தான். சிக்கலே அதுதான், இரண்டும் பாதத்தில் ஒரே மாதிரிதான் எரியும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மெட்ஃபார்மினை வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம், எங்கள் தெருவிலேயே அதனால் மாத்திரை விடாமல் சாப்பிடுகிற பாட்டிகள் இருக்கிறார்கள். மாத்திரை தரும் அந்த அம்மா வருடத்துக்கு ஒருமுறை ‘கால் மரக்குதா?’ என்றும் கேட்டுவிட்டால், கடைக்காரரிடம் போகும் கூட்டத்தில் ஒரு பகுதி குறையும் என்பது என் கணிப்பு.

மூன்றாவது வழியில் வற்றுவது பி12 அல்ல, பி1. அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்: டாஸ்மாக். தினமும் குடித்து, சரியாகச் சாப்பிடாதவருக்கு தயமின் வற்றிப்போகும். கண் தடுமாறி, நடை தடுமாறி, குழம்பிப் பேசினால் அது போதை மட்டுமல்ல, மூளைக்கு வந்த ஆபத்து. அந்த நிலையில் ‘சத்து ஏத்துங்க’ என்று கேட்டு வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினையும் அது செலவழித்துவிடும். தயமின் ஊசி கூடவே போக வேண்டும். மலாயாவில் சீனத் தொழிலாளியை வீழ்த்தியதும் இதே குறைதான்.

இப்போது கை. லைனில் நிற்பவர்களின் புகார்களில் காலைவிடக் கைதான் அதிகம். திருகுவது, அழுத்துவது, அதிரும் கருவியைப் பிடிப்பது, ஒரே அசைவை ஒரு ஷிப்ட்டில் ஆயிரக்கணக்கில் செய்வது. மணிக்கட்டில் எலும்புக்கும் நாருக்கும் நடுவிலுள்ள குறுகிய சந்தில் ஒரு நரம்பு போகிறது. சுற்றிலும் வீங்கினால் அது நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கும், சுண்டுவிரல் தப்பித்துவிடும், இரவில் மோசமாகும். கேட்ட மாத்திரத்தில் மருத்துவர் கண்டுபிடித்துவிடக்கூடிய கணக்கு இது. யாராவது கேட்டால்தானே!

இதற்கும் பி வைட்டமினுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1970-களில் டெக்சாஸ் மருத்துவர் எல்லிஸும் வேதியியலாளர் கார்ல் ஃபோல்கர்ஸும் இந்த மணிக்கட்டு நோய்க்கு பி6 மருந்து என்று வாதாடினார்கள். ஃபோல்கர்ஸ் சாதாரண ஆளில்லை. 1948-இல் பி12-ஐப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர். சாப்பிட்டவர்கள் பலர் குணமானதாகச் சொன்னார்கள். பிறகு, யாருக்கு மருந்து, யாருக்குப் போலி மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாமல் செய்த சிறு சோதனைகளில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. கதை அங்கே முடிந்திருந்தால் பரவாயில்லை. 1983-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர்கள் ஏழு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள்: நாளைக்கு 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டவர்கள். கை கால் மரத்து, நடக்கத் தடுமாறினார்கள். மதமதப்புக்கு என்று சாப்பிடும் பொருளே அளவு மீறினால் மதமதப்பைத் தரும்! அதற்குப் பிறகு அஞ்சும் அளவு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் நாளைக்கு 12 மில்லிகிராமை மேல்வரம்பாக வைத்தது. ஆஸ்திரேலியாவில் 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அட்டையில் எச்சரிக்கை போட வேண்டும். நம் கடைகளில் அதிகம் விற்கும் நியூரோபியான் ஃபோர்ட்டில் பி6 வெறும் 3 மில்லிகிராம்தான். அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கலவை ஊசிகள் சிலவற்றில் ஒரு தடவைக்கே 100 மில்லிகிராம் இருக்கிறது. ஒரே ஆள் மூன்று கடையில் மூன்று பெயரில் வாங்கினால் கூட்டிப் பார்ப்பது யார்?

கை மரப்புக்கு வேலைத்தலம் காரணமாகும் இன்னொரு விதமும் உலகம் பார்த்ததுதான். 2009-இல் சீனாவின் சூசௌ நகரில் தொடுதிரை செய்த விண்டெக் தொழிற்சாலையில், திரையைத் துடைக்கப் பயன்படுத்திய என்-ஹெக்சேன் என்ற திரவத்தின் ஆவியால் தொழிலாளர்களின் நரம்பு கெட்டது; ஆப்பிள் நிறுவனமே 137 பேர் என்று பின்னர் ஒப்புக்கொண்டது. கை கால் வலுவிழந்தவர்களுக்கு எந்தச் சத்து ஊசியும் போதாது. அந்த ஆவியை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். இங்கே அப்படி நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ‘நீ என்ன வேலை செய்யற, எதைத் தொடற?’ என்ற கேள்வியைக் கேட்காமல் நரம்புக்கு மாத்திரை எழுதக் கூடாது என்பதற்குத்தான் இதை எடுத்தேன்.

மிச்சம் இருப்பது அசதி. நம் கவுண்டர்களில் அதிகம் கேட்கும் வார்த்தை, ஆதாரம் மிகக் குறைந்த இடமும் கூட. ஸ்வீடனில் 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட சோர்வு நோயும் உடல்வலி நோயும் உள்ள 38 பேர் பி12 ஊசியும் ஃபோலிக் அமிலமும் எடுத்தார்கள். சிலருக்கு நல்ல முன்னேற்றம், மற்றவர்களுக்குச் சுமார். ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத பிரிவு இல்லை. டென்மார்க்கில் 2021-இல், குடல் அழற்சி அடங்கியும் சோர்வு விடாத 40 பேருக்கு தயமினைப் பெரிய அளவில் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் போலி மாத்திரையைவிடத் தெளிவான பலன். குறைந்த அளவில் பல வாரம் தொடர்ந்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. ஒற்றைத் தலைவலிக்கு மட்டும் கதை கொஞ்சம் திடமானது: பெல்ஜியத்தில் 1998-இல் 55 பேரிடம் நடந்த சோதனையில், தினம் 400 மில்லிகிராம் பி2 மூன்று மாதம் எடுத்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குத் தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தது, போலி மாத்திரைக்கு 15 விழுக்காடு. அந்த 400 மில்லிகிராம் சாதாரண பி காம்ப்ளெக்ஸில் கிடைக்காது. அதில் இருப்பது பத்துதான்.

எதிர்த் திசையிலும் ஒன்று. சர்க்கரையால் சிறுநீரகம் கெடத் தொடங்கியவர்களுக்கு அதிக அளவு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் கொடுத்துக் கனடாவில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2010-இல் வந்தது. சிறுநீரகம் காக்கப்படும் என்று எதிர்பார்த்தார்கள். வைட்டமின் எடுத்தவர்களுக்குத்தான் சிறுநீரகம் வேகமாகக் கெட்டது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் அவர்களுக்கே அதிகம். ‘வைட்டமின்தானே, என்ன ஆகிடும்?’ என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

சரி, ஆதாரம் இவ்வளவு மெலிந்திருக்கும்போது இத்தனை பேருக்கு எப்படி ‘கேட்கிறது’? பதில் மாத்திரைக்கு வெளியே, ஷிப்ட் அட்டவணையில் இருக்கிறது. சி ஷிப்ட், அதாவது இரவு ஷிப்ட், வாரத்தில் மூன்றாம் நாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் ஆகும். அன்றைக்குத்தான் அட்டை வாங்குவான். ஐந்தாறு மாத்திரை உள்ளே போவதற்குள் ஞாயிறு வந்துவிடும், தூங்குவான். திங்கள்கிழமை ஏ ஷிப்ட். உடம்பு தேறும். பெயர் மாத்திரைக்கு. இரண்டு வாரம் கழித்து மறுபடி சி ஷிப்ட், மாத்திரை தீர்ந்திருக்கும், அசதி திரும்பும். ‘விட்டா திரும்ப வருது.’ இதில் அவன் பொய் சொல்லவில்லை, ஏமாளியும் இல்லை. மோசமான நாளில் மருந்து வாங்குகிற எவனுக்கும் அடுத்த நாட்கள் சற்று நல்லதாகத்தான் தெரியும். சுழல் ஷிப்ட் அந்த ஏற்ற இறக்கத்தைக் கடிகாரம்போல ஒழுங்காக்கித் தருகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு மறைவும் உண்டு. நம் ஊரில் மருத்துவர்கள் எழுதும் ‘நரம்பு மாத்திரை’ பலவற்றில் பி12-இன் ஒரு வடிவமான மெத்தில்கோபாலமினோடு பிரீகாபலினோ காபாபென்டினோ ஒரே குளிகையில் சேர்ந்திருக்கும். அவை நரம்புவலியைத் தணிக்கும் தனி மருந்துகள், தூக்கமும் தரும். எரிச்சலைக் குறைத்தது எது, ராத்திரி தூங்கவைத்தது எது என்று சாப்பிடுபவரால் எப்படிச் சொல்ல முடியும்? சிவப்பு நிறத்துக்கும் வைட்டமின் என்ற பெயருக்கும் மதிப்பு ஏறுகிறது. கூட வந்த மருந்தின் தலைசுற்றலோடு அவன் இரவு ஷிப்ட்டில் இயந்திரத்தின் முன் நிற்கிறான்.

அதனால்தான் வரிசை முக்கியமாகிறது. முதல் ஊசிக்கு முன்னால் இரத்தத்தில் பி12 பார்த்துவிட்டால் அந்த எண் பேசும். பிரிட்டனின் 2024 வழிகாட்டியின்படி 180-க்குக் கீழே என்றால் குறைபாடு, 350 வரை சந்தேகம். ஊசி போட்ட பிறகு பார்த்தால் எண் ஆயிரத்துக்கு மேல் நிற்கும். முன்னால் குறை இருந்ததா என்பது அதோடு மறைந்துபோகும். இங்கே நடப்பதோ தலைகீழ். க்ளினிக்கில் ஊசி உடனே கிடைக்கும். பரிசோதனைக்குச் சில நூறு ரூபாய், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், அதோடு அரை நாள் சம்பளம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் ஷிப்ட் முடித்து வரிசையில் போய் உட்காரத் தெம்பு வேண்டும். இரத்தம் எடுக்கும்போது தைராய்டையும் இரும்பையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொல்கிறது. அவர்களின் அசதிக்கு பி காம்ப்ளெக்ஸ் பெரும்பாலும் தவறான கதவு.

என் மைத்துனனை ஒருவழியாக இழுத்துக்கொண்டு போனேன். பி12 150-ஐக்கூடத் தொடவில்லை. இரண்டு வருடம் மாத்திரை தின்றும் ஏன் குறைந்தது என்று அவனுக்குக் கோபம். அவன் நினைத்தபோது போட்ட மாத்திரையில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம். உறிஞ்சும் வழி அடைபட்டவருக்குப் பெரிய அளவில் கொடுத்தால்தான், நூற்றில் ஒரு பங்காவது வேறு வழியாக உள்ளே கசியும். ஊசி எழுதினார்கள். இரண்டு மாதம் கழித்து போன் செய்தான்.

“மாமா, கால் எரிச்சல் பாதிக்கு மேல கொறஞ்சிடுச்சு. கை மட்டும் அப்படியேதான் இருக்கு.”

மறுபடி போனோம். இந்த முறை இருந்த டாக்டர் இளம்வயதுப் பெண். ஊசி, மாத்திரை எதையும் பேசாமல், “கம்பெனியில கையால என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க” என்றார். அவன் எழுந்து நின்று, இல்லாத கன்னைப் பிடித்து, மணிக்கட்டை வளைத்து, காற்றில் நாலு போல்ட் முடுக்கிக் காட்டினான். பத்து வருடத்தில் அவனிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். ராத்திரி கட்டிக்கொள்ள மணிக்கட்டுப் பட்டை கொடுத்தார். வேலையிடம் மாற்றச் சொல்லி ஒரு கடிதமும்.

கடிதம் சூப்பர்வைசரிடம் இருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை. பழைய அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை என்ன செய்தாய் என்று போன வாரம் கேட்டேன். “சி ஷிப்ட் அன்னிக்கு மட்டும் ஒண்ணு போட்டுக்கறேன் மாமா” என்றான்.